யார் பார்ப்பது? ஹாஸ்பிஸ்களும் அரசின் மேற்பார்வையும்



மருந்து கட்டுப்பாட்டுத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவன் நான். இந்த மேடையில் வழக்கமாகப் புற்றுநோய் மருத்துவர்களும் அறுவை சிகிச்சை நிபுணர்களும் பேசுவார்கள். இந்த முறை ஒரு பதிவேட்டுக்காரனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது பொருத்தம்தான். இனிக் குணமாக்க வழியில்லை என்று மருத்துவம் கைவிரித்த நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ்களையும், வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சைக் குழுக்களையும் அரசு எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதைப் பேசப் போகிறேன்.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது, பலருக்கு நினைவிருக்கும். காய்கறியோடு ஒரு சடலமும், அதே வண்டியில் உயிரோடிருந்த முதியவர்களும் ஏற்றப்பட்டுப் போனதைக் கண்டு மக்கள் ஒரு வேனை மறித்தார்கள். அந்த வேன் பாலேஸ்வரத்தில் ஆதரவற்றோருக்காக நடந்துவந்த ஹாஸ்பிஸ் ஒன்றுக்குச் சொந்தமானது. அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது, இறந்தவர்களின் உடல்களைக் கான்கிரீட் சுவரில் கட்டிய மாடங்களுக்குள் வைத்து மூடிவிடும் வழக்கம் வெளியே வந்தது. எலும்பு வியாபாரம், உறுப்பு வியாபாரம் என்று ஊரெல்லாம் பேச்சு. நடத்தியவர்கள் அதையெல்லாம் மறுத்தார்கள். முடிவில் அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

வதந்திகளை விட்டுவிடுவோம். எனக்கு உறுத்தியது வேறு. வருவாய்த் துறை போனது, சமூக நலத் துறை போனது, சுகாதாரத் துறை போனது, காவல் துறையும் போனது. கணக்குக் கேட்டது உரிமத்துக்கு. அதுவும் முதியோர் இல்லத்துக்கான உரிமம். அதன் காலமும் முடிந்திருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களில் எத்தனை பேருக்கு வலி இருந்தது, அந்த வலிக்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது, அதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று யாரேனும் விசாரித்ததாக நான் படித்த நினைவில்லை. இத்தனைக்கும் பெயர்ப் பலகையிலேயே ஹாஸ்பிஸ் என்றிருந்த இடம் அது.

விசாரிக்காததற்கு அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருந்த எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி கிடையாது. முதியோர் இல்லம் என்றால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வரும். அது உணவு, உறைவிடம், பாதுகாப்பு பற்றிப் பேசும். மருத்துவமனை என்றால் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வரும். (அந்தச் சட்டத்துக்கு விதிகள் வந்தது 2018-இல். சட்டம் பிறந்து விதி பிறப்பதற்குள் ஒரு பிள்ளை கல்லூரிக்கே போய்விட்டது.) அது இடவசதி, பணியாளர், கருவி, ஏடுகள் பற்றிக் கேட்கும். ஹாஸ்பிஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. படுக்கை உண்டு, குணமாக்கும் சிகிச்சை இல்லை. மருந்து உண்டு, ஆனால் அது முதியோர் இல்லத்தில் இருக்கக் கூடாத வகை மருந்து. பாதிப் பேர் வீட்டிலேயே கிடக்கிறார்கள். அங்கே எந்தச் சட்டமும் படியேறுவதில்லை.

ஒரே ஒரு துறை மட்டும் ஹாஸ்பிஸின் வாசலில் பல்லாண்டு காலம் விடாமல் நின்றது. அது என் துறை. எதற்காக? மார்ஃபினுக்காக.

மார்ஃபின் பதிவேட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரி. ஒரு சாவி மருத்துவரிடம், இன்னொன்று மருந்தாளுநரிடம். உள்ளே பத்து மில்லிகிராம் மாத்திரைப் பட்டைகள். பக்கத்தில் பக்க எண் இட்ட, முத்திரை வைத்த பேரேடு. தொடக்க இருப்பு, வரவு, வழங்கியது, யாருக்கு, எந்த மருத்துவரின் சீட்டு, முடிவு இருப்பு, கையொப்பம். ஒரு முறை ஒரு தொண்டு மருத்துவமனையில் பட்டையைப் பிரிக்கும்போது ஒரு மாத்திரை நொறுங்கிவிட்டது. அந்தச் சிட்டிகைப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்து, உறையிலிட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார் மருந்தாளுநர் அம்மா. "நீங்க வந்து பாக்காம கீழ கொட்டக் கூடாதுல்ல சார்" என்றார். நான் உறையைப் பிரித்துப் பார்த்து, அழித்ததாகக் குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டேன். கணக்கு மில்லிகிராம் பிசகவில்லை.

அதே நேரம் வராந்தாவில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். கணவருக்கு வாய்ப் புற்றுநோய். இரண்டு பேருந்து மாறி, மாத்திரை வாங்க வந்திருந்தார். ஆய்வு நடக்கும்போது அலமாரியைத் திறந்து வழங்க மாட்டார்கள். என் வேலை முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டும். நான் வெளியே வந்ததும் எழுந்து நின்று, "சார், இனிமே குடுப்பாங்களா?" என்று கேட்டார். கடைசி மாத்திரை முந்தின நாள் ராத்திரியே தீர்ந்துவிட்டதாம். மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். அவர் கணவர் எத்தனை வேளை மாத்திரையில்லாமல் கிடந்தார் என்பதை எழுத என் ஆய்வறிக்கையில் இடம் இல்லை. நொறுங்கிய மாத்திரைக்கு இருந்தது.

இந்த நிலைமை எப்படி வந்தது? 1985-இல் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. ஹெராயின் கடத்தலைப் பற்றிய அச்சம் நிலவிய காலம். பத்தாண்டுக் குறைந்தபட்ச தண்டனை, பிணையில் கடுமை. மருத்துவத்துக்கான மார்ஃபினைத் தடுப்பது அந்தச் சட்டத்தின் எண்ணமில்லை. ஆனால் அதன்கீழ் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விதி செய்தது. வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், அனுப்ப ஓர் உரிமம், எடுத்துச் செல்ல ஓர் உரிமம். கலால் துறைக்கும் மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கும் நடுவில் கோப்பு அலையும். ஓர் உரிமம் கிடைப்பதற்குள் இன்னோர் உரிமத்தின் காலம் முடிந்துவிடும். எழுத்தர் ஒரு தப்புச் செய்தால் மருத்துவர் சிறைக்குப் போக வேண்டி வருமோ என்ற பயம். மருத்துவமனைகள், எதற்கு இந்த வம்பு என்று மார்ஃபின் வாங்குவதையே நிறுத்தின. 1985-க்கும் 1997-க்கும் இடையில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. மார்ஃபினைத் தரும் அபின் எங்கே விளைகிறது? மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு. காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலையில் பதப்படுத்தி, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தோம். உலகத்தின் வலிக்கு மருந்துச் சரக்கு அனுப்பிய நாட்டில் ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கினார்கள்.

இதை மாற்றப் போராடியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால். 1993-இல் கோழிக்கோட்டில் அவரும் மருத்துவர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண மையத்திலிருந்து கேரளத்தின் கதை கிளம்புகிறது. 1994-இல் இந்திய நோய் ஆதரவு சிகிச்சைச் சங்கம் உருவானது. அந்தச் சங்கம் 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்கோடு போனது. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் எனப்பட்டன. மாநில விதிகள் போய் நாடு முழுக்க ஒரே விதி. நான்கைந்து உரிமங்களுக்குப் பதில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அனுமதி. அதை வழங்குவது மாநில மருந்து கட்டுப்பாட்டு அதிகாரி. 2015 மே மாதம் விதிகளும் வந்தன. இன்னொரு திருத்தம் அதிகம் பேசப்படவில்லை. போதை மருந்துகளின் தவறான பயன்பாட்டைத் தடுப்பதோடு, மருத்துவப் பயன்பாட்டுக்கு அவை கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை என்று சட்டத்தில் சேர்த்தார்கள்.

கிடைக்கச் செய்வது கடமை. அது நடக்கிறதா என்று ஆய்வு செய்ய யாரை அனுப்புவது? இன்றைக்கும் ஆய்வாளர் மாத்திரையைத்தான் எண்ணுகிறார். பூட்டு சரியா, ஏடு சரியா, ஆண்டறிக்கை போனதா. வலிக்கு மார்ஃபின் வேண்டியிருந்து, அனுமதியும் பெற்று, ஓராண்டில் ஒரு பட்டைகூட வாங்காத மருத்துவமனைக்கு எங்கள் கணக்கில் முழு மதிப்பெண். வாங்கினால்தானே பிழை வரும்!

ஒரு மேற்பார்வை எதை எண்ணுவதற்காக உருவானதோ அதை மட்டுமே அது பார்க்கும். படுக்கையில் கிடப்பவர் அந்த எண்ணிக்கையில் இல்லையென்றால் எத்தனை ஆய்வாளரை அனுப்பினாலும் பயனில்லை. நான் இங்கே வாதிட வந்தது இதைத்தான். நம் நாட்டில் மருந்தை எண்ணினோம். அமெரிக்காவில் பணத்தை எண்ணினார்கள். அதையும் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் நாம் அடுத்துப் போகக்கூடிய பாதை அது.

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். அங்கிருந்து அமெரிக்கா போன கருத்து, 1974-இல் கனெக்டிகட்டில் ஒரு ஹாஸ்பிஸாக வேர் விட்டது. தொடக்கத்தில் தொண்டர்களும் தேவாலயங்களும் நடத்திய இயக்கம். 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றம் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் ஹாஸ்பிஸையும் சேர்த்தது. நோய் தன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்கு மேல் உயிர் தங்காது என்று மருத்துவர்கள் சான்று தர வேண்டும். நோயாளி அந்த நோயைக் குணமாக்கும் சிகிச்சைக்கான மெடிகேர் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அதன்பின் ஹாஸ்பிஸ் நிறுவனத்துக்கு நாள் கணக்கில் பணம். இப்போது வீட்டுப் பராமரிப்புக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 டாலர். அன்று செவிலியர் வீட்டுக்குப் போனாலும் அதே தொகை, போகாவிட்டாலும் அதே தொகை.

இந்த ஏற்பாட்டில் எங்கே லாபம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் கண்டுபிடிக்க வெகு காலம் ஆகவில்லை. சாகும் தறுவாயில் இருப்பவருக்குச் செலவு அதிகம். அடிக்கடி போக வேண்டும், ராத்திரியில் போக வேண்டும். மறதி நோயில் மெல்லத் தேய்பவருக்குச் செலவு குறைவு, நாட்கள் அதிகம். சாகவே போகாதவரைச் சேர்த்துக்கொண்டால் செலவே இல்லை. இன்று அமெரிக்க ஹாஸ்பிஸ்களில் நான்கில் மூன்று லாபத்துக்காக நடப்பவை. தாம் ஹாஸ்பிஸில் பதிவாகியிருப்பதே தெரியாமல், வேறு சிகிச்சைக்குப் போனபோது காப்பீடு மறுக்கப்பட்டு, அதன்பின் விஷயம் தெரிந்துகொண்ட முதியவர்கள் உண்டு.

லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் நடந்ததைக் கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் 2022 மார்ச்சில் அறிக்கையாக வெளியிட்டார். அங்கே ஹாஸ்பிஸ்களின் எண்ணிக்கை 2010-க்குப் பின் பதினைந்து மடங்கு போல வளர்ந்திருந்தது. மக்கள்தொகை அப்படி முதுமையடையவில்லை. சாவும் அப்படிப் பெருகவில்லை. ஒரே கட்டடத்தின் முகவரியில் நூற்றுக்கு மேற்பட்ட ஹாஸ்பிஸ், வீட்டு மருத்துவ நிறுவனங்கள் உரிமம் பெற்றிருந்தன. உரிமம் கொடுத்த அலுவலகத்தில் யாரும் அந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. விண்ணப்பம் முழுமையாக இருந்திருக்கும். நம்மூர் அனுபவத்தில் சொல்கிறேன், இப்படிப்பட்டவர்களின் விண்ணப்பம் எப்போதும் முழுமையாகவே இருக்கும். அறிக்கை வருவதற்குச் சற்று முன்பே, அந்த ஆண்டின் தொடக்கத்தில், அந்த மாநிலம் புதிய உரிமங்களை நிறுத்தியது.

ஆய்வு எப்படி நடந்தது என்பது அதைவிட வேடிக்கை. 2014-இல் அமெரிக்க மத்திய அரசின் ஒரு சட்டம் மூன்றாண்டுக்கு ஒரு முறை ஆய்வு கட்டாயம் என்று சொல்லும்வரை, பல ஹாஸ்பிஸ்களுக்கு ஆறு, ஏழு ஆண்டுகள் ஆய்வாளர் முகமே காட்டியதில்லை. மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019 ஜூலையில் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. 2012 முதல் 2016 வரை ஆய்வு செய்யப்பட்ட ஹாஸ்பிஸ்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஏதாவது ஒரு குறை. ஐந்தில் ஒன்றில் கடுமையான குறை. எண்களைவிட அவற்றில் உள்ள தனித்தனி நேர்வுகள்தான் என்னைப் படுக்க விடவில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு குதிகாலிலும் படுக்கைப் புண். கவனிப்பார் இல்லாமல் புண் அழுகி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொருவருக்கு உணவுக் குழாய் செருகிய இடத்தில் புழு வைத்திருந்தது. இரண்டு பேருக்காகவும் நாள் தவறாமல் பணம் போய்க்கொண்டிருந்தது. பில்லில் பிழை இல்லை.

தப்புக் கண்டுபிடித்தாலும் தண்டிக்க ஒரே ஆயுதம்தான் இருந்தது: மெடிகேரிலிருந்து ஹாஸ்பிஸை அடியோடு நீக்குவது. அவ்வளவு பெரிய ஆயுதத்தை யாரும் எளிதில் எடுப்பதில்லை. ஆகவே எதுவும் நடக்கவில்லை. அபராதம், புதிய நோயாளிகளுக்குப் பணம் நிறுத்தம், தற்காலிக நிர்வாகம் என்று நடுத்தரத் தண்டனைகளும், ஆய்வு முடிவுகளை மக்கள் பார்க்க வெளியிடுவதும் 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில்தான் வந்தன. மிக மோசமான ஹாஸ்பிஸ்களைத் தனிப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் திட்டமும் அதில் உண்டு. பட்டியல் 2024 இறுதியில் வந்தது. புகார்களை எண்ணிய விதம் பெரிய நிறுவனங்களுக்குப் பாதகம் என்று ஹாஸ்பிஸ் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2025 பிப்ரவரியில் அரசே திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஆயிரம் நோயாளிகளில் பத்துப் புகாரும், இருபது நோயாளிகளில் ஐந்து புகாரும் ஒரே தராசில் நிற்கக் கூடாது என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. எதை எண்ணுவது என்பதில் கவனம் வைக்காவிட்டால் நல்ல சட்டமும் நீதிமன்றத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் ஏன் சென்னையில் உட்கார்ந்து பேசுகிறேன்? நம் ஹாஸ்பிஸ்கள் பெரும்பாலும் தருமத்தில் நடப்பவை. மும்பையில் 1986-இல் திறந்த சாந்தி அவேத்னா சதன் நாட்டின் முதல் ஹாஸ்பிஸ். அதன்பின் வந்தவையும் பெரும்பாலும் நன்கொடையை நம்பியே நிற்கின்றன. அங்கே லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம், நானும் கேட்கிறேன். சேர்க்கும் நாளில், படுக்கைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தொகை நிர்ணயித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டால், லாஸ் ஏஞ்சலிஸ் கட்டடம் தாம்பரம் பக்கத்தில் எழும்ப வெகு நாள் ஆகாது.

எதிர்ப் பக்கத்தையும் பேச வேண்டும். எண்ணுவதை விட்டுவிடு, மார்ஃபினைத் தாராளமாக விடு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்ற ஊரின் மருத்துவமனையில் 1989-க்கும் 2000-க்கும் இடையில், மருத்துவக் காரணம் இல்லாமல் கொடுக்கப்பட்ட வீரியமான வலி மருந்துகளால் 450-க்கும் மேற்பட்ட முதியவர்களின் ஆயுள் குறைந்தது என்று 2018-இல் ஒரு விசாரணைக் குழு சொன்னது. குடும்பத்தினர் இருபதாண்டு காலம் கதவு தட்டிய பிறகு கிடைத்த பதில் அது. அங்கே செவிலியர்கள் 1991-லேயே கேள்வி எழுப்பியிருந்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. மருந்தளவு ஏட்டில் பதிவானதுதான். அந்த நோயாளிக்கு அந்த அளவு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதனால் அலமாரியின் இரண்டு பூட்டும் அங்கேயே இருக்கட்டும். பூட்டோடு ஆய்வு முடிந்துவிடக் கூடாது என்பதே என் வாதம்.

கேரளம் என்ன செய்தது? தொண்ணூறுகளின் கடைசியிலேயே மார்ஃபின் விதிகளை எளிதாக்கியது. 2008-இல் நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று ஒரு மாநிலக் கொள்கையை அறிவித்தது. ஆசியாவிலேயே அரசு அளவில் அது முதல் என்பார்கள். முக்கியமானது அதன் நிர்வாக அமைப்பு. பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்தார்கள். ஊராட்சிக்கு ஒரு செவிலியர், அவரோடு உள்ளூர்த் தொண்டர்கள், மேலே ஆரம்ப சுகாதார நிலையம். படுக்கையில் கிடப்பவரின் பக்கத்து வீட்டுக்காரரே தொண்டராக இருக்கும்போது புண் அழுகுவதை மூன்றாண்டு மறைக்க முடியாது. குறைகள் அங்கேயும் உண்டு. தொண்டர்களுக்கு வயதாகிறது, இளையவர்கள் வருவது குறைவு, தனியார் கட்டணச் சேவைகள் நுழைந்துவிட்டன. இருந்தாலும் அக்கம்பக்கத்தாரின் கண்ணைப் போன்ற ஆய்வு அலுவலகம் இன்னும் எந்த நாட்டிலும் கட்டப்படவில்லை.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பது மட்டும் இல்லை. நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வீடு தேடிப் போகிறார்கள். ஓய்வுக்குப் பின் அப்படிப்பட்ட ஒரு செவிலியரோடு நானும் ஒரு கிராமத்துக்குப் போனேன். திண்ணையை ஒட்டிய அறையில் ஒரு பாட்டி, மார்பகப் புற்று எலும்புக்குப் பரவிவிட்டது. செவிலியர் பையை வைத்துவிட்டு முதலில் கேட்டது, "பாட்டி, ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு வலிக்குது?"

பாட்டி கொஞ்சம் யோசித்து, "முக்கா ரூவா இருக்கும் தாயி. போன வாரம் முழு ரூவா" என்றார்.

"ராத்திரி?"

"ராத்திரிதான் அந்த முக்கா ரூவாயே. பகல்ல எட்டணா."

செவிலியர் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் வெளிக்குப் போனதா என்று கேட்டார். மார்ஃபின் எழுதினால் மலமிளக்கியும் கூட எழுத வேண்டும் என்பது இந்தத் துறையின் பாலபாடம். அதை யாராவது மறந்திருந்தால் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். படுக்கும்போது கொடுக்க வேண்டிய மாத்திரையின் அளவை மாற்ற மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார். முதுகைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்த்தார். மருமகளைத் தனியே கூப்பிட்டு, நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றார். மொத்தமே முக்கால் மணி நேரம்.

என் உத்தியோகக் காலம் முழுக்க நான் தேடிய ஆய்வுப் படிவம் அந்த நோட்டில் இருந்தது. வலி எவ்வளவு, போன வாரத்தைவிடக் குறைந்ததா, ராத்திரியில் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள், முதுகில் புண் உண்டா, பார்த்துக்கொள்பவருக்கு உதவி உண்டா. இவற்றை நோயாளிக்கு நோயாளி எழுதி வைத்திருந்தால், ஆய்வாளர் போய் ஏட்டையும் படுக்கையையும் ஒத்துப்பார்க்கலாம். ஏட்டில் எட்டணா என்று எழுதியிருந்து, பாட்டி முழு ரூபாய் என்றால், அங்கே ஏதோ சரியில்லை.

ஆகவே அரசிடம் நான் கேட்பது இவை. ஹாஸ்பிஸுக்கும் வீட்டு நோய் ஆதரவுச் சேவைக்கும் மருத்துவ நிறுவனங்கள் விதிகளில் தனி வகை வேண்டும். அறுவை அரங்கு, ஆய்வகம் என்று அவர்களிடம் கேட்க வேண்டாம். இரவில் எடுக்கும் தொலைபேசியும், மார்ஃபின் எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரும், பயிற்சி பெற்ற செவிலியரும் உண்டா என்று மட்டும் கறாராகக் கேளுங்கள். ஆய்வுக் குழுவில் நோய் ஆதரவு சிகிச்சையில் வேலை செய்த செவிலியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டடப் பொறியாளர் கண்ணுக்கு விரிசல் தெரியும், படுக்கைப் புண் தெரியாது. சில ஆய்வுகள் ராத்திரியில் நடக்க வேண்டும். அறக்கட்டளையா தனியாரா என்று பார்த்துச் சலுகை கூடாது. பாலேஸ்வரத்தில் இருந்ததும் தருமம் என்ற பெயர்தான்.

இறப்புக்குப் பிறகு ஓர் ஆய்வும் வேண்டும். இதைச் சொன்னால் மருத்துவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் ஹாஸ்பிஸில் நோயாளி புகார் எழுதிப் போட மாட்டார். எழுதும் நிலையில் இருப்பவர் அங்கே இருக்க மாட்டார். காரியம் எல்லாம் முடிந்து ஓரிரு மாதம் கழித்துக் குடும்பத்தாரிடம் பேச வேண்டும். கடைசி மூன்று நாளில் யார் வந்தார்கள், வலி இருந்ததா, என்ன நடக்கப் போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே சொன்னார்களா. ஆதரவற்றவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை. அவர்கள் இறப்பு ஒவ்வொன்றையும், உடல் என்னவாயிற்று என்பதையும் சேர்த்து, ஊராட்சியோ மாநகராட்சியோ இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நேரில் பதிய வேண்டும். அது நடந்திருந்தால் அந்த வேனை மக்கள் மறிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

தண்டனையைப் படிப்படியாக வையுங்கள். இழுத்து மூடுவது கடைசிப் படியாக இருக்கட்டும். மருந்துக் கடைக்குச் சீல் வைத்தால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போவார். ஹாஸ்பிஸுக்குச் சீல் வைத்தால் நோயாளி ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டு, தெரியாத ஊரில், தெரியாத முகங்களுக்கு நடுவில் போய்ச் சாக வேண்டியிருக்கும். முதலில் எச்சரிக்கை, பிறகு அரசுச் செவிலியரை உள்ளே அமர்த்துவது, பிறகு புதிய சேர்க்கைக்குத் தடை, பிறகு நிர்வாகத்தை மாற்றுவது. ஒவ்வொரு படியும் ஊருக்குத் தெரியும்படி வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

என் துறை நண்பர்களுக்கும் ஒன்று. நீங்கள் எப்படியும் மார்ஃபின் அலமாரியைப் பார்க்கப் போகிறீர்கள். அதே படிவத்தின் கீழே இரண்டு கேள்விகள் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் இருப்பு இல்லாமல் போன நாட்கள் எத்தனை? அந்த நாட்களில் திரும்பிப் போன நோயாளிகள் எத்தனை பேர்? பூட்டுக்கு இருக்கும் அதே கண்டிப்பு இதற்கும் இருக்கட்டும். இருப்பு தீர்ந்துபோக விட்டதற்கும் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை போகட்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதித் திருத்தமும், மருந்து கட்டுப்பாட்டு இயக்குநரின் சுற்றறிக்கையும் போதும் என்பது என் கருத்து. இங்குள்ள வழக்கறிஞர்கள் மறுத்தால் திருத்திக்கொள்கிறேன். விதித் திருத்தத்துக்கு ஒரு வரைவு எழுதி வந்திருக்கிறேன், நான்கு பக்கம்தான். சுகாதாரத் துறைச் செயலருக்கு அனுப்புவதற்கு முன், படுக்கை அருகே நிற்பவர்கள் அதைப் படித்து அடித்துத் திருத்த வேண்டும். பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. மருத்துவர்களைவிடச் செவிலியர்கள் முதலில் எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.